பெயரை எடுத்துவிட்ட படம்

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் ரயில் நிலையத்தில் அவர் வந்து இறங்கிய கணம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தோளில் கமராப் பை, கையில் முக்காலி, மழையில் நனைந்த குட்டை முடி. முக்காலியை இறக்க உதவிய முதியவர் ஒருவர் அவரிடம் எந்த நாடு என்று கேட்டார். கலிபோர்னியா என்றார் இவர். "இல்லை, உண்மையில் எந்த நாடு?" என்று அந்த மனிதர் விடாமல் கேட்டார். "உண்மையிலும் கலிபோர்னியாதான்" என்று சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். லாங்கன்தாலிலேயே பிறந்து வளர்ந்த என்னிடமும் அந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அது 2009, இலையுதிர்காலம். ஊரில், இலங்கையில், போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் நாற்பதைக் கடந்த சீன அமெரிக்கப் பெண், ஆவணப்பட இயக்குநர். சுவிஸ் தமிழர்களைப் பற்றிப் படமெடுக்க இங்குள்ள தயாரிப்பாளர் ஒருவர் அவரை அழைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன்.

அவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதை ரயில் பயணங்களில்தான் சொன்னார். அவருடைய அம்மா சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர்கள் குடியிருந்த கட்டடம் ஒருநாள் தீப்பிடித்தது. தெருவில் நின்று அழுத அம்மாவைத் தொலைக்காட்சிக்காரர்கள் படம்பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று மாலை நகரமே அந்த அழுகையைப் பார்த்தது. அம்மாவின் பெயரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வளர்ந்து கமராவைக் கையில் எடுத்ததும் அவர் செய்த முதல் படம் அந்தத் தையல் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது. அதில் ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவாள். அதன் பிறகு வயல் கூலிகள், முதியோர் இல்லத்துத் தாதிகள் என்று பல படங்கள். "ஒருவர் அழத் தொடங்கினால் கமராவைக் கீழே வை" என்பார். அவர் வகுப்பெடுத்த மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்வாராம்.

படத்தின் நடுவில் இருந்தவர் என் சின்னம்மா. அம்மாவின் தங்கை, லாங்கன்தாலில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. போரின் கடைசி நாட்களில் சித்தப்பா ஊரில் காணாமல்போயிருந்தார். சித்தப்பாவின் தம்பி வன்னியில் இருந்தார். சின்னம்மா பேசச் சம்மதித்தது ஒரேயொரு நிபந்தனையில்தான்.

"முகம் வேண்டாம். அவரின்ரை தம்பி இன்னும் அங்கைதான் இருக்கிறார். என்னாலை அவருக்கு ஒண்டும் வரக்கூடாது."

இயக்குநர் வாக்குக் கொடுத்தார். சின்னம்மாவின் கைகளை மட்டும் எடுத்தார். கைகள் இயந்திரத்தில் உலோகத் துண்டுகளைப் பொருத்தின, வெங்காயம் அரிந்தன, சித்தப்பாவின் சட்டையை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் விரித்தன. கடைசி நாள் படப்பிடிப்பில் சின்னம்மா திடீரென்று திரும்பி, கமராவை நேரே பார்த்து அழுதுவிட்டார். இயக்குநர் உடனே கமராவை இறக்கினார். ஆனால் சில நொடிகள் பதிவாகிவிட்டன. பயன்படுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அதைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்தார்.

தயாரிப்பாளருக்கு இயக்குநர் தொகுத்த படம் பிடிக்கவில்லை. அதைப் போட்டுக் காட்டியபோது நானும் அந்த அறையில் இருந்தேன். "கைகளைக் காட்டி யாரை அழவைக்க முடியும்?" என்று கேட்டார். அவர் வாய்க்குள் ஒரு சொக்லேட் இருந்தது. அந்தச் சொக்லேட்டையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒப்பந்தப்படி இறுதி முடிவு அவருடையதாம். இயக்குநர் அமெரிக்கா திரும்பியதும் தயாரிப்பாளர் வேறொருவரை வைத்துப் படத்தை மாற்றினார். தொலைக்காட்சி முன்னோட்டத்தில் சின்னம்மாவின் அழுத முகம், திரை நிறைய, நாளுக்குப் பலமுறை வந்தது.

சில கிழமைகளில் சித்தப்பாவின் தம்பியை அங்கே படையினர் விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மேசையில் சின்னம்மாவின் முகத்தை அச்செடுத்து வைத்திருந்தார்களாம். திரும்பி வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

செய்தி கேட்டதும் இயக்குநர் விமானமேறி வந்தார். நேரே சின்னம்மாவின் சமையலறைக்கு வந்து, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். சின்னம்மா கத்தினார்.

"உன்னை நம்பித்தானே வீட்டுக்குள்ளை விட்டனான்! அவர் என்ன பிழை செய்தவர்? அவருக்கு ஏன் அடி?"

நான் ஆங்கிலத்தில் சொல்லும்போது சூட்டைக் கொஞ்சம் குறைத்தேன். இயக்குநர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "மென்மையாக்காதே. அவர் சொல்கிறபடியே சொல்" என்றார். முழுவதையும் கேட்டார். படத்தை மாற்றியது தான் அல்ல என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "வாக்குக் கொடுத்தது நான். அந்த நொடிகளை அன்றைக்கே அழித்திருக்க வேண்டும்" என்றார்.

"ஓம், அழிச்சிருக்க வேணும்" என்றார் சின்னம்மா. அதற்கு மேல் அவரோடு கதைக்கவில்லை.

படத்திலிருந்து தன் பெயரை எடுக்கவைத்தார் இயக்குநர். ஒரு திரைப்பட விழாவில் படம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து நின்று, என்ன நடந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். பிறகு வழக்குப் போட்டார். அது வருடக்கணக்கில் இழுபட்டு, அந்தக் காட்சியை இனி எங்கும் காட்டக் கூடாது என்ற தீர்ப்போடு முடிந்தது. அதற்குள் அவருக்கு யாரும் படம் கொடுக்காமலாகிவிட்டது. கூட வேலை செய்யக் கடினமானவர் என்று ஒரு பேச்சைப் பரப்பிவிட்டிருந்தார்கள். அந்த வாக்கை விற்ற தயாரிப்பாளரோடு வேலை செய்வது மட்டும் எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. அவர் மாணவர்களுக்குக் கற்பித்தும் வார இறுதிகளில் கல்யாண வீடுகளில் படமெடுத்தும் காலத்தை ஓட்டினார். தீர்ப்பு வந்த அன்று நான்தான் சின்னம்மாவுக்குச் சொன்னேன். "அந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் விடாமல் நிண்டதோ?" என்று மட்டும் கேட்டார். நாற்பதைத் தாண்டியவரை அவர் எப்போதும் பிள்ளை என்றுதான் சொல்வார்.

சில வருடங்கள் கழித்து இயக்குநர் புற்றுநோயால் இறந்தார். சூரிச்சில் ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தப்போவதாக அறிந்து சின்னம்மாவிடம் சொன்னேன். "நானும் வாறன்" என்றார் சின்னம்மா.

மேடையில் பேச வந்தவர் அதே தயாரிப்பாளர். தலை நரைத்திருந்தது, குரல் தழுதழுத்தது. மறைந்த தோழியின் துணிச்சலைப் பற்றிப் பேசினார். துணிச்சலாம்! தாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய மிகச் சிறந்த படைப்பு என்று அந்தப் படத்தின் பெயரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் திரை ஒளிர்ந்தது. எங்கும் காட்டக் கூடாது என்று தீர்ப்பான அதே காட்சி: சின்னம்மாவின் முகம், இளமையாக, அழுதபடி வந்தது.

நான் எழுவதற்குள் சின்னம்மா எழுந்துவிட்டார். தொழிற்சாலையில் கற்ற சுவிஸ் ஜெர்மனில், இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் சொன்னார்.

"நிறுத்துங்கள். அது என் முகம்."

"இது ஓர் அஞ்சலி நிகழ்ச்சி, அம்மா" என்றார் அவர்.

"அஞ்சலிக்குத்தான் நானும் வந்தேன். இந்தப் படம் என்னுடையது இல்லை என்று சொல்லித் தன் பெயரை எடுத்தவர் அவர். உங்களுக்கு அது தெரியும்."

யாரோ படத்தை நிறுத்தினார்கள். விளக்குகள் எரிந்தன. தயாரிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடரப் பார்த்தார். சின்னம்மா உட்காரவில்லை. நானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதர் கையிலிருந்த தாள்களை மடித்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கும்வரை நாங்கள் உட்காரவில்லை.