அலெக்ஸாந்திரியாவில் பொறுக்கிய எழுத்துகள்

குர்ஆனின் எழுத்து என்பதால், எங்கள் வீட்டில் அரபு எழுத்துள்ள தாள் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. நோன்பு காலத்தில் வரும் பேரீத்தம்பழப் பெட்டியைக்கூட உம்மா சும்மா எறியமாட்டார். எழுத்துள்ள பக்கத்தைக் கத்தரியால் வெட்டியெடுத்து, முத்தமிட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார். இலங்கை மலையூரான எங்கள் அலவத்துகொடையில் அப்படி வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தாள்தான் சேரும். ஒரு தட்டு போதுமாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டோம். போகிற வழியில் எங்கள் குழுவுக்கு எகிப்தையும் காட்டினார்கள். அதில் ஒரு நாள் அலெக்ஸாந்திரியா. மலையில் வளர்ந்த எனக்கு, ஒரு நகரமே கடலை அணைத்துக்கொண்டு வளைந்து கிடந்தது அதிசயமாக இருந்தது. ட்ராம் வண்டி கிறீச்சிட்டுப் போனது. ஒருவர் தலையில் ரொட்டித் தட்டோடு சைக்கிள் ஓட்டினார். எல்லாரும் படம் எடுத்தார்கள். நானோ தரையைப் பார்த்தேன். தரை முழுக்க எழுத்து! பஸ் டிக்கட், சவர்க்கார உறை, மிதிபட்ட பத்திரிகை.

கடலோரத்தில் ஊறவைத்த மஞ்சள் பருப்பைக் காகிதச் சுருளில் விற்றார்கள். அதுவும் அரபு எழுத்துள்ள காகிதம். உம்மா தின்று முடித்துச் சுருளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். எங்களை அழைத்துவந்த ஹஜ்ரத் சிரித்தார். உம்மாவை அவர் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்; எங்கள் பக்கத்தில் அக்காவுக்கு அதுதான் பெயர்.

"அது வெறும் பேப்பர் தாத்தா. இங்க எல்லாமே அரபுலதான் ஈக்கும்."

"எழுத்து எழுத்துத்தானே ஹஜ்ரத்."

வாப்பா நான் பொறுக்கிச் சேர்த்திருந்த தாள்களைப் பார்த்தார். "உம்மாவும் மகளும் இப்பிடிப் பொறுக்கினா, ஊருக்குப் போகக் கப்பல்தான் புடிக்கணும்" என்றார்.

பின்னேரம் அஸர் தொழுததும் கடலோரத்து எங்கள் ஹோட்டல் வாசலில் பஸ் ஏற வேண்டும். கெய்ரோ போய், அன்றே ஜித்தாவுக்கு விமானம். பிந்தினால் உம்ரா இல்லை என்று ஹஜ்ரத் மூன்று தரம் சொல்லியிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் காற்று ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் பின்னால் ஒரு சந்து, பிறகு இன்னொரு சந்து. தாளைப் பிடித்து நிமிர்ந்தபோது கடலைக் காணவில்லை.

அங்கே ஒருவர் தெருக் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாறால் எழுத்துகளைக் குவித்துக்கொண்டிருந்தார்! நான் ஓடிப்போய்க் குவியலுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றேன். அவர் என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த அரபு, பாடமாக்கிய குர்ஆன் சூராக்கள் மட்டும்தான். அழுதுகொண்டே ஒன்றை ஓதினேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுதாகக் கேட்டார். முடிந்ததும் "ஆமீன்" என்றார். பிறகு மறுபடி ஏதோ கேட்டார். அடுத்த சூராவை ஓதினேன். இப்படி அவருடைய நாலு கேள்விக்கும் நாலு சூரா பதிலாகப் போனது. அதன் பிறகே என் கழுத்தில் தொங்கிய ஹோட்டல் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். அது இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன். தன் வண்டியைத் தெருவில் அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அதே நேரத்தில் பஸ்ஸடியில் நடந்ததை வாப்பா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். பஸ்ஸை இனியும் நிறுத்திவைக்க ஏலாது என்று ஹஜ்ரத் தலையில் கைவைத்தாராம்.

"நீங்க போங்க ஹஜ்ரத். புள்ள இல்லாம எனக்கு என்ன உம்ரா?" என்று சொல்லிவிட்டு உம்மா பஸ்ஸைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தாராம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பயணத்துக்காக துஆ கேட்டவர் அவர்.

கடல் தெரிந்தது. உம்மாவும் தெரிந்தார். என் பிடி தளர்ந்ததும் பொறுக்கிய தாள்களெல்லாம் தெருவில் பரவின. உம்மா அவற்றின் மேலேயே, செருப்புக் காலோடு ஓடிவந்தார்.

"உம்மா, எழுத்து! கால எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் காதில் அது விழவேயில்லை. என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தாள்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பஸ் எங்களை விட்டுப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கஃபாவை முதல் தரம் காணும்போது கேட்கும் துஆவை அல்லாஹ் தட்டமாட்டான் என்று விமானத்தில் ஹஜ்ரத் சொன்னார். பெரியவர்கள் தங்கள் தேவைகளை யோசித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கஃபாவைக் கண்டதும் இரண்டு கைகளையும் ஏந்தினேன். உம்மா விடாமல் பிடித்திருந்த என் வலக்கை அரைவாசிதான் உயர்ந்தது.

"யா அல்லாஹ், எங்கட உம்மா எழுத்த மிதிச்சிட்டாங்க. அவங்கள மன்னிச்சிடு."

பக்கத்தில் பார்த்தேன். உம்மா கண்ணீர் வடிய ஒரு கையை மட்டும் ஏந்தி நின்றார். இரண்டு கைகளையும் ஏந்தித்தான் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவரே இப்படிச் செய்கிறாரே என்று, அதையும் சேர்த்து மன்னிக்கச் சொன்னேன்.