கமெராவுக்கு முன் ஒரு கேள்வி

கருப்பைக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் அறையில் தாதியாக இருப்பவளுக்கு, கமெராவை விடப் பெரிய தலையிடி சரியான நாளை அறிந்துகொள்வதுதான். பிள்ளைக்காகக் கிளினிக் கதிரையில் காத்திருந்து இடுப்பு நொந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பொய் சொன்ன ரிஃப்கா

மாதவிடாய் நின்ற கையோடு வந்தால்தான் உள்ளே தெளிவாகத் தெரியும். புத்தளத்தில் அதை நேரே கேட்டால் முஸ்லிம் பெண்களுக்குத் தலை குனிந்துவிடும். "தொழத் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டால் போதும், அந்த நாட்களில் தொழுகை இல்லை என்பதால் பதில் வந்துவிடும். மாம்புரியிலிருந்து மாமியோடு, அதாவது புருஷனின் உம்மாவோடு, வந்த ரிஃப்காவும் அவருக்கு முன்னால் தொழுவதாகத்தான் சொன்னாள். உள்ளே உடுப்பு மாற்றும்போது பார்த்தால் இன்னும் நிற்கவில்லை. அன்றைய பரிசோதனை போயிற்று. எனக்கு நல்ல கோபம். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்குத் தொழுகை இல்லண்டு தெரிஞ்சா ஒவ்வொரு மாசமும் மாமிட மொகம் வாடிப் போகுது மிஸ். அதால தொழுற பாய விரிச்சி, சும்மா குந்திக்கிட்டு அல்லாஹ்ட பேரச் சொல்லி திக்ரு ஓதுவன்."

திரையில் தெரிந்தது

அடுத்த மாதம் சரியான நாளில் வந்தாள். கலியாணமான புதிதில் ஒரு கரு கலைந்து, கருப்பையைச் சுரண்டித் துப்புரவு செய்திருக்கிறார்கள். பிறகு ஒன்றும் தங்கவில்லை. ஸ்கேனில் எல்லாம் சரி என்றே வந்ததாம். கமெரா உள்ளே போனதும் காரணம் தெரிந்தது: கருப்பையின் இரு சுவர்களும் ஓரிடத்தில் மெல்லிய தழும்பாக ஒட்டிக் கிடந்தன. டொக்டர் அதே குழாய் வழியாகச் சின்னக் கத்தரிக்கோலை விட்டு வெட்டிவிட்டார். ரிஃப்கா விழித்தபடி, என் கையை நெரித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நோகுதா என்று கேட்டேன்.

"நோகுறது கெடக்கட்டும் மிஸ். இத்தன வருசமும் நான் என்ன பாவம் செஞ்சனோண்டு அழுதன். இது வெறும் தழும்பா?"

வாசலில் மாமி

மகன் கடலுக்குப் போயிருந்ததால் விவரம் கேட்க மாமிதான் நின்றார். மகனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். டொக்டர் சொன்னதையே சொன்னேன்: தடை நீங்கிவிட்டது, ஆனால் பிள்ளை தங்கும் என்று உறுதி சொல்ல ஏலாது, அடுத்த மாதவிடாய் நின்றதும் இன்னொருமுறை உள்ளே பார்க்க வேண்டும். இந்தமுறை நாள் பிழைக்கக் கூடாது என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவைத்தேன். மாமி கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாள நானே சொல்றன் மிஸ். அவ மறைக்கிறது எனக்குத் தெரியும். பாத்ரூமுக்குள்ள அழுதுட்டு வாறவட மொகத்தப் பாத்தா, எனக்கு எப்பிடி மொகம் வாடாம இருக்கும்?"

அன்றிலிருந்து, மாமியோடு வருகிறவர்களின் நாளை நான் மாமியிடம்தான் கேட்கிறேன்.