ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். வேலை நேரத்தில் போனைச் சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுவேன். தாலி கட்டி முடிந்து, பந்தியைப் படமெடுக்கப் போகும் முன் எடுத்துப் பார்த்தால் அந்தோணி அண்ணனிடமிருந்து நான்கு அழைப்புகள். அவர் பிலோ அக்காவின் தம்பி. திரும்பக் கூப்பிட்டேன்.

"அக்கா போயிடுச்சு கலை. காலையில, தூக்கத்துலயே. நீ வேலைய முடிச்சிட்டு வா. பாதியில உட்டுட்டு வந்தன்னு தெரிஞ்சா, போன அக்கா எழுந்து வந்து உன்ன திட்டும்" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

பந்தியை எடுத்தேன். சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் என் காமெராவைப் பார்த்துச் சிரித்தார்கள். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை.

ஃபிலோமினா என்ற முழுப் பெயர் பலருக்குத் தெரியாது. மர்பி டவுனிலும் அல்சூரிலும் உங்களில் பலருடைய கல்யாண ஆல்பத்தை எடுத்தவர் அவர். ஆனால் அந்த ஆல்பங்களில் அவர் முகம் இருக்காது. முப்பதாம் நாள் பூசையில் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தோம். பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கிற வீடுகள் இந்த ஊரில் எப்போதும் உண்டு. மணப்பெண் அறைக்கும், முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் காலேஜில் போட்டோகிராபி படித்தவள். அந்தப் படிப்போடு எனக்கு ஒரு கர்வமும் வந்திருந்தது. காமெராவின் தலையில் இருக்கும் சக்கரத்தை ‘எம்’மில், அதாவது மேனுவலில் மட்டுமே வைப்பேன். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வர வேண்டும், எவ்வளவு நேரம் வர வேண்டும் என்பதையெல்லாம் நானே முடிவு செய்ய வேண்டும். அக்காவின் சக்கரம் ‘ஏ’யில் இருக்கும். லென்ஸின் திறப்பை மட்டும் அவர் சொல்வார், நேரத்தைக் காமெராவே கணக்குப் போட்டுக்கொள்ளும். பாதி வேலையைக் காமெராவிடம் விடுகிறவர் என்று அவரைப் பற்றி மனதுக்குள் ஓர் இளக்காரம் எனக்கு இருந்தது.

முதல் வருடமே ஒரு நிக்காஹ்வில் அந்தக் கர்வம் உடைந்தது. மங்கலான அறையில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த மணப்பெண், திடீரென்று எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினாள். கீழே தெருவில் மாப்பிள்ளை வந்து இறங்குகிறார், ஒளிந்து பார்க்க வேண்டும். தோழிகளும் பின்னால் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். உச்சி வெயில். நான் அறைக்கு வைத்திருந்த அளவுகளை மாற்ற மறந்துபோனேன். என் படங்கள் அத்தனையும் வெள்ளைக் காகிதம் போல வெளிறிப்போயின. அக்கா மாடி மூலைக்குப் போய் எடுத்ததில், கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டு கண்ணும் அதில் அப்படி ஒரு சிரிப்பும் இருந்தன. அந்தப் படத்தைத்தான் அந்த வீட்டில் பெரிதாக்கி மாட்டினார்கள்.

"வெளிச்சத்த அது பாத்துக்கட்டும் கலை. நீ மொகத்த பாரு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

காமெராவை அவர் முழுதாக நம்பியதும் இல்லை. சர்ச்சில் வெள்ளை கவுன் போட்ட பெண்ணை எடுத்தால் கவுன் அழுக்காகத் தெரியும். கறுப்பு புர்கா போட்ட பாட்டியை எடுத்தால் புர்கா சாயம் போனது போலத் தெரியும். "அதுக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எல்லாத்தையும் சாம்பலாக்கப் பாக்கும். நாமதான் சொல்லணும்" என்பார். வெள்ளைக்கு வெளிச்சத்தை ஒரு படி கூட்டுவார், கறுப்புக்கு ஒரு படி குறைப்பார். கட்டைவிரல் தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போய்விடும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சர்ச் கல்யாணம். ஃபிளாஷ் கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார். உள்ளே இருட்டு. மோதிரம் மாற்றுவதை அக்கா எடுத்தார். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு மோதிரம் இரண்டாகத் தெரிந்தது. பதினோரு படம், பதினொன்றும் ஆடியிருந்தன. வெளிச்சம் போதாததால் காமெரா நாற்பதில் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு அக்காவின் கை கல்லாக நிற்கும். கேட்டதற்கு, "லென்ஸ் சரியில்ல" என்றார். அடுத்த வாரம் ஒரு கடையில் அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்தேன். பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது. அல்சூரில் ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாணம் வந்தது. எங்கள் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் வேலையை முடித்தேன். கல்யாணமே நடக்கவில்லை என்பது போல அக்காவிடம் நடந்துகொண்டேன். மணப்பெண்ணின் அம்மா நல்லவர். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அக்காவுக்கே போன் செய்துவிட்டார்.

மறுநாள் அக்கா பஸ் பிடித்து ஒக்கலிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு மாடி ஏறி, வாசலிலேயே நின்றார்.

"எனக்குக் காய்ச்சலாமே. எத்தன டிகிரி?"

உள்ளே வரச் சொல்லிக் கதவை அகலத் திறந்தேன்.

"என் கை ஆடுதுன்னு எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்ட போய் ஆறு மாசம் ஆச்சு. நரம்புக் கோளாறாம். ஜாஸ்திதான் ஆகுமாம், கொறையாதாம். உங்கிட்ட சொல்றதுக்கு பயந்துகினு இருந்தேன். நீ பயந்ததும் தப்பில்ல கலை. என்ன ஒரு வார்த்த கேக்காம நீயா முடிவு பண்ண பாரு, அதான்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை. அந்த மூன்று வாரமும் நான் அந்தப் பதினோரு படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியது கைதானே, நேரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் தோன்றியது. போன் செய்தேன்.

"ஞாயித்துக்கெழம காலையில ஏரிக்கு வர்றீங்களா அக்கா? காமெராவோட."

"எதுக்கு, வாத்து புடிக்கவா?"

"வாங்க அக்கா."

வந்தார். அல்சூர் ஏரிக் கம்பி ஓரத்தில் கன்னடத்தில் எழுதிய ஒரு பலகை இருந்தது. அக்காவின் சக்கரத்தை ‘எஸ்’ஸில் திருப்பினேன். ‘ஏ’க்கு நேர் எதிர் அது. நேரத்தை நாம் சொல்வோம், திறப்பைக் காமெரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் அதன் உணர்திறனையும் தானே கூட்டிக்கொள்ளும்படி வைத்தேன். அறுபதில் ஒரு பங்கு நொடியில் எடுத்தார். எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது. நூற்று இருபத்தைந்து, கலங்கல்தான். இருநூற்று ஐம்பதில் அரைகுறையாக வாசிக்க முடிந்தது. ஐந்நூறில் எடுத்துத் திரையில் பெரிதாக்கினார்.

"இல்லி ஈஜபாரது" என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். இங்கே நீந்தக் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் கத்தியால் வெட்டியது போல நின்றது. அவர் அதை மறுபடி வாசித்தார். அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"என்ன மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அத உடு. அடுத்த கல்யாணம் எப்போ?"

இருட்டான இடத்தில் அப்படி எடுக்கும்போது படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "மாவு தூவுன மாதிரி கீது. இருக்கட்டும், மொகம் நல்லாகீதே" என்றார். இன்னும் நான்கு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். இந்த முறை யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. ஆர்டர் பேச வருகிறவர்கள் முன்னால் வலது கையை நீட்டிக் காட்டுவார். "பாத்துக்கோங்க, என் கை ஆடும். படம் ஆடாது. ஓகேவா?" சிலர் எழுந்து போனார்கள். பெரும்பாலானவர்கள் போகவில்லை.

பிறகு காமெராவைத் தூக்கவே முடியாத நாள் வந்தது. மாடி அறையில், தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரம், நாற்காலியிலேயே இருந்தார். அந்தோணி அண்ணன் உள்ளங்கை அளவு காமெரா ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். "இப்ப ஃபுல் ஆட்டோதான் கலை. எல்லாத்தையும் அதுகிட்டயே உட்டுட்டேன். அமுக்குறது மட்டும்தான் என் வேல" என்றார். நான் வியாழக்கிழமைகளில் பேக்கரி பன் வாங்கிக்கொண்டு போவேன். அரைமணி நேரம் இருப்பேன். எனக்கு எப்போதும் எங்கேயோ அவசரம். "உக்காரேன், இன்னா இப்ப" என்பார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லி இறங்கிவிடுவேன். ஒரு வியாழக்கிழமையாவது மாலை வரை உட்கார்ந்திருக்கலாம்.

இப்போதும் மண்டபத்தில் ஒரு நல்ல முகம் கிடைத்தால் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அவர் அங்கேதான் நிற்பார். நான் எடுத்தது சரியென்றால் புருவத்தை ஒரு தரம் தூக்குவார். கூட வரும் பெண் நல்ல பெண், திறமைசாலி. இடது பக்கம் மட்டும் காலியாகவே இருக்கிறது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அந்தோணி அண்ணன் அந்தச் சின்னக் காமெராவின் கார்டைக் கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் புரியல. என்னா இருக்குன்னு நீயே பாரு." வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். எல்லாம் அந்த ஜன்னலிலிருந்து எடுத்தவை. தண்ணீர் லாரி, எதிர் வீட்டு மாடியில் காயும் துணி, ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள். நடுநடுவே ஒரு பெண்ணின் முதுகு. தோளில் பை, கையில் குடை, தெருமுனையை நோக்கி வேகமாக நடக்கிறாள். சில படங்கள் நன்றாக விழுந்திருந்தன, பல ஆடியிருந்தன. அந்த முதுகுப் படங்களின் தேதியைப் பார்த்தேன். எல்லாம் வியாழக்கிழமைகள்.

முப்பத்தொரு படங்கள். ஒன்றில்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டவை இவைதான். இப்போதெல்லாம் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் தெருமுனையில் நின்று, திரும்பி, கையை அசைத்துவிட்டுத்தான் போகிறேன்.