பன்னிரண்டு கதவு கிறிஸ்மஸ்

ரூபினி தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்திய அன்றே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆன்ட்டி, கிறிஸ்மஸுக்குள்ள இவர வீல்சேர்ல ஒரு ரெண்டு மணி நேரம் உட்கார வைக்க முடியுமா?"

அப்போது செப்டம்பர் கடைசி. பக்கிரிசாமிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எழுபத்தெட்டு வயது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. முடியும் என்றேன். எதற்கென்று கேட்கவில்லை. வீட்டார் மனதில் ஒரு தேதி இருந்தால் நோயாளிக்கு நல்லது. தேதி இல்லாத வீடுகளில் நோயாளி படுத்தே கிடப்பார்.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒன்பதாவது மாடி. அந்த மாடியில் பதின்மூன்று வீடுகள், லிஃப்டிலிருந்து ஒரே வரிசையாகப் போகும். கடைசி வீடு இவர்களுடையது. ரூபினி பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கணவர் லோகேஸ்வரன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பக்கம். எட்டு வயதில் ஷர்மினி என்று ஒரு மகள்.

ரூபினி அப்பாவைப் பார்த்துக்கொண்ட விதத்தில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தாள். வேலைக்குப் போகுமுன் விரிப்பை மாற்றினாள். உடம்பில் ஒரு புண் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு இருபது வருடம் ஆகிறது. அன்பால் பார்க்கிறவர்கள் சில நாள் அழுதுகொண்டே மருந்தை மறந்துவிடுவார்கள். கோபத்தால் பார்க்கிறவர்கள் எதையும் மறக்க மாட்டார்கள்.

"இவ்வளவு கஷ்டத்துக்கு ஒரு நல்ல ஹோம்ல விட்டுடலாம்லா," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"ஹோம்ல விட்டா இவர பன்னெண்டு கதவுக்கும் யாரு தள்ளிட்டுப் போறது?" என்றாள்.

அன்றுதான் கதை வந்தது. நாங்கள் இருவரும் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம்.

பக்கிரிசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தண்ணீர்மலைக்கு ஒன்பது வருடம் காவடி எடுத்தவர், ஒன்பது வருடமும் குடித்தவர். பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த சின்ன கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார். குடி நின்றது. அது பெரிய காரியம், அதை ரூபினியே ஒத்துக்கொள்கிறாள். வீட்டிலிருந்த சாமி படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கினார். மனைவி ஜெயலெட்சுமி அந்தச் சுவரைத் துடைத்தாள். தீபாவளி போனது, பொங்கல் போனது. சரி, இனிமேல் கிறிஸ்மஸ் வரும் என்று பிள்ளை காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. பைபிளில் தேதி இல்லாத பண்டிகையை விசுவாசி கொண்டாடக் கூடாது என்பது அந்தச் சபையின் முடிவு.

இந்த ஊரில் பண்டிகை இல்லாத வீட்டுப் பிள்ளையாக இருப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வீட்டு ரோஹானா கூப்பிட்டுச் சாப்பாடு போடுவாள். சீனப் புத்தாண்டுக்கு ஏழாம் வீட்டு டான் அங்கிள் ஆரஞ்சு தருவார். ஒவ்வொரு வீடும் ஒரு நாள் கதவைத் திறந்து வைக்கும். எல்லா ஓபன் ஹவுஸுக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, யாரையும் திருப்பிக் கூப்பிட முடியாத பிள்ளை அந்த மாடியில் இவள் ஒருத்திதான். "ரூபினி வீட்டுல எப்ப?" என்று பிள்ளைகள் கேட்பார்களாம்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், பத்து வயதில், அவளே முடிவெடுத்தாள். பன்னிரண்டு கதவையும் தட்டி, கிறிஸ்மஸ் அன்று நான்கு மணிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள். அப்பாவுக்கு அன்று வேலை. அம்மா முதலில் பயந்தாள். பிறகு ரோஹானா வீட்டு அடுப்பில் ஒளிவாக அச்சு முறுக்கு சுட்டாள்.

நான்கு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். நாலேகாலுக்கு அப்பாவும் வந்தார். கிரேன் பழுதாம்.

வாசலில் நின்ற எல்லாரையும் திருப்பி அனுப்பினார். முறுக்கைக் குப்பைக் குழாயில் கொட்டினார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் இருந்த முதல் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு கதவிலும் அவள் சொல்ல வேண்டியது இது: "எங்க வீட்டுல கிறிஸ்மஸ் இல்ல. நான் பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க." பன்னிரண்டாவது வீட்டில் அவள் குரல் கம்மிவிட்டது.

"சத்தம் பத்தல. முதல்லேர்ந்து," என்று அவளை மறுபடி முதல் வீட்டுக்கு இழுத்துப்போனார்.

"அம்மா என்ன செஞ்சாங்க?" என்றேன்.

"கிச்சன்ல நின்னாங்க," என்றாள் ரூபினி. விரிப்பின் நான்கு மூலையையும் சரியாகச் சேர்த்து மடித்தாள்.

ஜெயலெட்சுமி இறந்து பதிமூன்று வருடம் ஆகிறது.

டிசம்பர் முதல் வாரம் ரூபினி ஒரு மரம் வாங்கி வந்து அப்பாவின் கட்டிலுக்கு நேர் எதிரே வைத்தாள். கூடத்தில் வைத்தால் அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால். விளக்குகளை எரியவிட்டாள். அவர் இடது கையால் அதைக் காட்டினார்.

"பைபிள்ல... இல்ல."

"வீல்சேரும் பைபிள்ல இல்லப்பா. உட்கார்ந்துதான இருக்கீங்க?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நர்ஸ்களை இங்கே மிஸ்ஸி என்பார்கள், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "மிஸ்ஸி... சாமி படத்த இறக்குனேன்... மரத்த ஏத்தவா?"

கேள்வி நியாயமானதுதான். அதை மறுக்க மாட்டேன். வழக்கத்தை விட்டு வெளியே வந்தவனுக்கு எந்த அலங்காரத்தைப் பார்த்தாலும் பழைய வழக்கம் போலவே தெரியும். எங்கள் குடும்பம் பாலிக் புலாவில் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். ஆறு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு கேக் உண்டு. அதனால் யாரும் நரகத்துக்குப் போனதாகத் தகவல் இல்லை. விசுவாசிகள் பிள்ளைகளோடு கிறிஸ்மஸ் கொண்டாடலாமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: வேண்டாம் என்று முடிவு செய்தால், பிள்ளையை உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள், வேறு ஒரு நாளை அதற்குக் கொடுங்கள். பக்கிரிசாமி ஒரு நாளைக்கூடக் கொடுக்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று ஓபன் ஹவுஸ் நான்கு மணிக்கு. ஷர்மினியின் கையெழுத்தில் அழைப்பு அட்டைகள் போன வாரமே எல்லா வீட்டுக்கும் போய்விட்டன. விருந்தாளிகள் வருவதற்கு முன், மூன்று மணிக்கே கேக் வெட்டலாம் என்று மகளுக்கு ரூபினி வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு மணிக்கு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. ரூபினி அவர் மடியில் ஒரு தட்டு அச்சு முறுக்கை வைத்தாள்.

"ஒவ்வொரு வீட்டுலயும் நீங்களே சொல்லணும்பா. 'எங்க வீட்டுல கிறிஸ்மஸ், வாங்க.' அவ்வளவுதான். நான் அன்னிக்குச் சொன்னதவிடச் சின்னது."

அவர் தட்டை இடது கையால் தள்ளிவிட்டார். முறுக்கு தரையெல்லாம் சிதறியது.

"பதினஞ்சு தட்டு எடுத்து வச்சிருக்கேன்," என்று ரூபினி அடுத்த தட்டை வைத்தாள்.

லிஃப்ட் பக்கம் போனோம். முதல் வீட்டில் இப்போது நேப்பாளத் தொழிலாளர்கள். பெரியவர் ஒருவர் நாற்காலியில் தட்டோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் நான்கு பேரும் எழுந்து கை குவித்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் அதற்கும் நன்றி சொன்னார்கள். மூன்றாம் வீட்டில் இஸ்ஸதி என்ற இளம் மலாய்ப் பெண். முறுக்கை எடுத்துக்கொண்டு, வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று ஓடிப்போய்ச் சீனி கொண்டுவந்து கொட்டி, அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஆறாம் வீட்டு முகம்மது சுல்தான் போன வருடம் குடிவந்தவர். "ஐயா, இந்த ஒடம்போட நேர்ல வந்து கூப்பிடுறீங்களா! எங்க வீட்டுப் பெரியவங்க யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க," என்று கண் கலங்கினார்.

அதுவரை தட்டிய வீடுகளில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. டான் அங்கிள் இருந்தார், ஆனால் அவருக்கு ஞாபகம் போய்விட்டது. பக்கிரிசாமியைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார், பிறகு என்னைப் பார்த்தும் அப்படியே ஆட்டினார். ரூபினியின் முகம் வீட்டுக்கு வீடு கறுத்துக்கொண்டே வந்தது. முப்பது வருடம் காத்திருந்து பழி வாங்க வந்தவளுக்குச் சாட்சி இல்லை. அப்பா அந்த மாடியிலேயே நல்ல மனிதர் ஆகிக்கொண்டிருந்தார்.

பதினோரு வீட்டிலும் அவர் பேசவில்லை.

பன்னிரண்டாவது கதவை ரோஹானா திறந்தாள். எழுபது வயது இருக்கும். நாற்காலியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், முறுக்கைப் பார்த்தாள். அன்று தன் அடுப்பில் சுட்ட அதே அச்சு முறுக்கு என்று அவளுக்குத் தெரியும்.

"என்னாண்ணே, இப்பத்தான் நாலு மணி ஆச்சா உங்க வீட்டுல?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். ரோஹானா கதவை முழுசாகத் திறந்துவைத்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என் ரெண்டு புள்ளைங்களுக்கும் பெருநாள் சட்டைய மாட்டிவிட்டு இங்கதான் நின்னேன். போங்கன்னீங்க. அப்புறம் இந்தப் புள்ளைய ரெண்டு தடவ இந்தக் கதவுக்குக் கொண்டாந்தீங்க. ரெண்டாவது தடவ அது நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. நான்தான் தொடச்சேன். தெரியுமா உங்களுக்கு?"

இதை ரூபினி என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"போகச் சொன்னது உங்க வாயி. உங்க வாயி கூப்புட்டாத்தான் நான் வருவேன். ரூபினி கூப்புட்டா வரமாட்டேன்."

அவர் வாய் இழுத்தது. நான் குனிந்து உதட்டைத் துடைத்தேன்.

"வா... ங்க."

"எதுக்கு?"

"கிறிஸ்... மஸ்."

"யாரு வீட்டுல?"

"எங்க... வீட்டுல."

"ஆங். வர்றேன்." தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அவர் கண் முன்னாலேயே கடித்தாள்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணம் இல்லாமலும் வரும், அதனால் நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அதையும் துடைத்தேன்.

ரூபினி நாற்காலியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் குரல் சாந்தமாக இருந்தது.

"சத்தம் பத்தலப்பா. முதல்லேர்ந்து."

அவர் அவளைப் பார்த்தார். அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. அது அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. மூன்று மாதத்தில் முதல் முறையாக ரூபினி சிரித்தாள்.

நான் நாடியைப் பார்த்தேன். கொஞ்சம் வேகம், ஆனால் ஆபத்தில்லை. நாற்காலியைத் திருப்பும்போது பதின்மூன்றாம் வீட்டு வாசலில் ஷர்மினி நிற்பதைக் கண்டேன். சிவப்பு கவுனைக் காலையிலிருந்தே போட்டிருந்தாள்.

"அம்மா, மூணு தாண்டிருச்சு. கேக்?"

"இரு. தாத்தா முடிக்கட்டும்."

பிள்ளை கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பிரேக்கைப் போட்டேன்.

"ரூபினி, கேக்க வெட்டிட்டு வா. அஞ்சு நிமிஷம்தான். இவர் எங்கயும் ஓடிற மாட்டார்."

"ஆன்ட்டி, நீங்க இதுல—"

"நீ அந்த வயசுல நின்ன எடத்துல அது நிக்குது. வெட்டிக் கொடுத்துட்டு வா. அப்புறம் எத்தன ரவுண்டு வேணும்னாலும் தள்ளுறேன்."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ரோஹானாவும் பின்னாலேயே போனாள். பாட்டுச் சத்தமும் கைதட்டலும் கேட்டன. நானும் பக்கிரிசாமியும் வெளியே இருந்தோம். கேக் அவருக்கு ஆகாது, உதிர்ந்து புரையேறும். அவர் கேட்கவும் இல்லை.

"மிஸ்ஸி," என்றார். "உள்ள... போவோம்."

"இன்னும் பன்னெண்டு வீடு இருக்குய்யா," என்றேன்.

ரூபினி உதட்டோரம் கிரீமோடு வந்தாள். பிரேக்கை எடுத்தேன். நேப்பாளத்தார் வீட்டில் அவர் குரல் முனகலாக வந்தது. அங்கேயே இரண்டு முறை சொல்ல வைத்தாள். நாலாவது வீடு வருவதற்குள் சொற்கள் தனித்தனியாகக் கேட்டன. சுல்தான் வீட்டில், "எங்க வீட்டுல கிறிஸ்மஸ், வாங்க," என்று மூச்சு விடாமல் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் இரண்டு மாதமாக முயன்றும் அவரிடமிருந்து வராத வாக்கியம்.

பன்னிரண்டாவது கதவு வரைக்கும் ரூபினி அவரை விடவில்லை. ரோஹானா கேக் சாப்பிட உள்ளே போய்விட்டாள் என்று தெரிந்தும் அவள் சாத்திவிட்டுப் போன கதவைப் பார்த்துச் சொல்ல வைத்தாள்.

அன்று மாலை கவனிப்புக் குறிப்பேட்டில் எழுதினேன்: உட்கார்ந்த நேரம் இரண்டரை மணி. தோல் சுத்தம். பேச்சில் நல்ல முன்னேற்றம்.

காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பவில்லை.