கலர்ப்பொடி விழுந்த வெள்ளைக் கார்

அந்தக் காரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத்தான் தோன்றியது. எண்ணூறு சிசி சின்னக் கார், கறுப்பு நிறம். இரண்டு பக்கமும் தீப்பிடித்து எரிகிற மாதிரி ஸ்டிக்கர். பின்னால் ஒரு இறக்கை. உடம்புக்குச் சம்பந்தமில்லாத அகலச் சக்கரங்கள். உள்ளே ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு ரேஸ் வண்டிக்குப் போடுகிற குட்டி ஸ்டியரிங் ஒன்றை மாட்டியிருந்தார்கள். யாரோ ஒரு காலேஜ் மாணவன் ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருந்தவன், அமெரிக்காவில் இடம் கிடைத்ததும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். என் கணவர் அதை வாங்கிக்கொண்டு வந்து ஹைதராபாத்தில் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிறுத்தினார்.

"இதுல ஏறி நான் எங்க போறது, சர்க்கஸுக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வேணாலும் போ. நாங்க யாரும் கூட வரமாட்டோம்" என்றார்.



எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இரண்டு காலிலும் காலைத் தாங்குகிற இரும்புக் கேலிப்பர், இரண்டு கக்கத்திலும் கட்டை. இதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும் என்பதால் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மெதுவாக நடப்பதை நான் பெரிய குறையாக நினைத்ததில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. கூட வருகிறவர்கள் பேசிக்கொண்டே முன்னால் போய்விடுவார்கள். பிறகு ஞாபகம் வந்து நின்று, திரும்பி, முகத்தில் ஒரு பொறுமையை ஒட்டவைத்துக்கொண்டு, "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்பார்கள். மதுரையில் பள்ளிக்கூடத் தோழிகள் சொன்னார்கள், கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் சொன்னார்கள், ஹைதராபாத்துக்கு வந்த பிறகு தினமும் காலையில் கம்பெனி கேப் டிரைவர் இந்தியில் சொன்னார். நான் வேலை செய்த சாஃப்ட்வேர் கம்பெனி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. கேப்புக்குள் நாலைந்து பேர் வாட்சைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாசலிலிருந்து கேப் வரைக்குமான அந்தக் கொஞ்ச தூரத்தை நான் ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடந்தேன். ஆகவே, யாரும் கூட வராத ஒரு பயணம் என்று அவர் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரியும்.

அவர் அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். எதையும் வரைபடம் போட்டுத்தான் செய்வார், தோசை வார்ப்பது உட்பட. காலால் செய்வதையெல்லாம் கையால் செய்வது எப்படி என்று வாரக்கணக்கில் வரைந்தார். பிறகு உப்பல் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் கட்டை ஊன்றிய கை அது.

"ஹவ் மேடம், ஹோ ஜாத்தா. பாவ்ன் நக்கோ, ஹாத் காஃபி ஹை" என்றார். ஆகிவிடும், கால் வேண்டாம், கை போதும் என்று அர்த்தம்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வந்தது. முன்னால் தள்ளினால் பிரேக், நம் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். பைக்கில் இருக்கிற கிளட்ச் பிடி ஒன்றைக் கியர் கம்பியிலேயே பொருத்தினார்கள். பட்டறை வாசலிலேயே எஞ்சினைக் கிளப்பி, கியர் போடாமல், கம்பியை லேசாக இழுக்கச் சொன்னார் என் கணவர். இழுத்தேன். வண்டி உறுமியது. விட்டேன், அடங்கியது. மறுபடி இழுத்தேன். வேறொன்றும் நடக்கவில்லை, வண்டி ஓரங்குலம்கூட நகரவில்லை. ஆனால் என் ஒரு விரல் சொன்னதை அவ்வளவு பெரிய இரும்பு கேட்டது. அதுவரை என் உடம்பில் பாதி நான் சொன்னதைக் கேட்டதில்லை. நான் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே இருந்தேன், பட்டறைக்காரர் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று சிரிக்கும்வரை.

அந்தக் குட்டி ஸ்டியரிங்கைத் திருப்ப நல்ல பலம் வேண்டும். இவர் திருப்பிப் பார்த்து மூச்சு வாங்கினார். நான் ஒற்றைக் கையில் திருப்பினேன். அதை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

தீயோடும் இறக்கையோடும் ஆபீஸ் போக முடியாது என்பதால் பெயிண்ட் வேலையை வீட்டிலேயே செய்வது என்று தீர்மானித்தோம். வெளியே கொடுத்துவிடலாம் என்றுதான் இவர் சொன்னார். என் வண்டியை நான் தொடாமல் வேறு எவனோ தேய்ப்பதா என்று நான் சண்டை பிடித்தேன். எப்படித் தேய்ப்பாய் என்று கேட்டார். சமையலறையில் காஸ் சிலிண்டர் நிற்கிற சக்கரத் தட்டை இழுத்து வந்து, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தரையைக் கையால் தள்ளி, காரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அவர் உப்புத்தாள் வாங்கக் கிளம்பினார்.

ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே எல்லாம் என் ஏரியா, பானெட்டும் கூரையும் அவர் ஏரியா. ஹேர் டிரையரால் சூடு காட்டித் தீ ஸ்டிக்கரை உரித்தோம், இறக்கையைக் கழற்றினோம். வாட்டர் பேப்பர் என்கிற அந்த உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். கறுப்புக்குக் கீழே ஒரு நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே அதன் சொந்தச் சிவப்பு வந்தது. அதற்கும் கீழே, கதவின் ஒரு மூலையில், சுத்தமான தகடு வந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் இருக்கும், அப்படிப் பளபளத்தது. ஓட்டிய ஒவ்வொருவரும் அதன்மேல் எதையோ பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள், அது பாட்டுக்கு உள்ளே அப்படியே இருந்திருக்கிறது.  அன்றைக்கு முழுவதும் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளம் விழுந்த இடங்களைப் பட்டி பூசி நிரப்பினோம், தேய்த்தோம், பிரைமர் அடித்தோம், மறுபடி தேய்த்தோம். நிறத்தைப் பற்றி மட்டும் ஒத்துவரவில்லை. எனக்கு மாம்பழ மஞ்சள் வேண்டும். "ரோட்டுல டாக்சின்னு கை காட்டுவாங்க. வெயில் ஊரு, வெள்ளைதான் சரி" என்று அவர் ஜெயித்துவிட்டார்.

எந்த நாளில் அடிப்பது என்பதில்தான் எங்கள் மதுரை மூளை வேலை செய்தது. பிள்ளையார் சதுர்த்தி வந்தது. எங்கள் வீட்டில் அப்பா களிமண் பிள்ளையாரை மூன்றாம் நாள் ஒரு துணிப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டு வருவார், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. ஹைதராபாத்தில் பதினோராம் நாள் ஏரிக்குப் பெரிய ஊர்வலம் போகும் என்பதை டிவியில் பார்த்திருந்தோம். அந்த நாளுக்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்பானது என்று முடிவு செய்தோம். பிள்ளையார் ஊரில் இருக்கும்போதே அடித்துவிட்டால் விக்கினமும் வராது என்று வேறு பேசிக்கொண்டோம். ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்று தெருத்தெருவாகப் பிள்ளையார்கள் கிளம்புவார்கள் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், நாங்களும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினோம். காரைச் சுற்றி என் பழைய புடவைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். வாடகைக்கு எடுத்த கம்ப்ரசர் கட்டிடமே அதிர ஓடியது. இவர் கண்ணில் நீச்சல் கண்ணாடியும் மூக்கில் கைக்குட்டையும் கட்டிக்கொண்டு, வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பியவர் போல நின்றார். கீழ்ப்பகுதியை நான்தான் அடித்தேன். பலகையில் உட்கார்ந்து, ஸ்பிரே கன்னை நீட்டி, முதல் வீச்சு வீசினேன். திட்டுத்திட்டாக, அசிங்கமாகக் கிடந்த அந்தக் கதவில் ஒரு வெள்ளை அகலமாகத் திறந்துகொண்டது. ஈரம் மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது. பாலைப் போல இருந்தது என்று சொன்னால் போதாது. கையை நகர்த்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரே இடத்தில் அடித்தால் பெயிண்ட் வழிந்துவிடும் என்று இவர் கத்தினார்.

பிற்பகலில் கடைசிப் பூச்சு முடிந்தது. இவர் கம்ப்ரசரை நிறுத்தினார். அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது.

தெருக்கோடிப் பந்தலில் எங்கள் காலனிப் பிள்ளையார் இருந்தார். அன்று அவருக்கு ஏழாம் நாள், ஏரிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே போகிற வழி முழுக்க ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடந்ததால் நான் போகவேயில்லை. அதை யாரோ கவனித்திருக்கிறார்கள். சத்தம் நெருங்கியது, கேட் திறந்தது. எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடி அக்கா முன்னால் வர, பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள், தள்ளுவண்டியில் ஆளுயரப் பிள்ளையாரை வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மேளம் அடிக்கிறவர்கள், ஆடுகிறவர்கள், இரண்டு கையிலும் ரோஸ் நிறக் கலர்ப்பொடியை அள்ளி வானத்தில் வீசுகிறவர்கள். அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"மீரு ராலேரு கதா மேடம், அந்துகே சாமியே ஒச்சேசாடு" என்றார். நீங்கள் வர முடியாதே, அதனால் சாமியே வந்துவிட்டார்.

நான் புடவைத் திரைக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் உயரத்துக்கு அந்தப் பிள்ளையார் மலைபோல் நின்றார். அவ்வளவு பாரத்தை அந்த ஜல்லிப் பாதையில் எனக்காகத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.  கும்பிட்டேன். கும்பிட்ட கையை எடுப்பதற்குள் காற்று அடித்தது, புடவைகள் தூக்கின, வீசிய பொடி முழுவதும் மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், ஈரக் கார்மேல் இறங்கியது.

எல்லாரும் போன பிறகு இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பானெட்டும் கூரையும் ரோஸ்மில்க் சிந்தின மாதிரி இருந்தன. காய்ந்தபின் கழுவினோம், பாலிஷ் போடுகிற காம்பவுண்டுப் பசையைப் போட்டுத் தேய்த்தோம். பாதி போனது, மீதி பெயிண்டுக்குள்ளேயே உறைந்து நின்றது.

"விழுந்தது பூராவும் உங்க ஏரியா. என் ஏரியாவைப் பாருங்க, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மழை விடட்டும். எல்லாத்தையும் தேய்ச்சுட்டு மறுபடி அடிச்சுருவோம். ரெண்டு மாசம் பொறுத்துக்க."

பொறுத்துக்க என்ற வார்த்தை எனக்கு ஆகாது. "நான் பொறந்ததுலேருந்து பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று கத்தினேன். "வண்டி ஓடுதுல்ல? பெயிண்ட் என்ன காலா, அது இல்லாம ஓடாதா? அடுத்த ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன். அம்புட்டுதான்." அவர் போய் எல் போர்டு எழுதினார்.

அடுத்த ஞாயிறு காலையில், மனைக்கற்கள் மட்டும் நட்டு வீடே எழும்பாத ஒரு லே-அவுட்டுக்குப் போனோம். அகலமான மண் ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. நேர் எதிரே தூரத்தில் மௌலா அலி குன்று. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தார். வண்டி குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. பிறகு ஒரு தடவை குதிக்காமல் கிளம்பியது. அந்த வேப்ப மரம் வரைக்கும் போய்த் திரும்பி வா, நான் வெளியில் நின்று பின்சக்கரம் ஆடுகிறதா பார்க்கிறேன் என்று சொல்லி இறங்கிக்கொண்டார்.

கிளட்ச் பிடியை விட்டேன், கம்பியை இழுத்தேன். ரோடு என் அடியில் ஓட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ரோஸும் வெள்ளையுமான பானெட்டுக்கு மேலே அந்தக் குன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. அத்தனை நாளும் கேப் ஜன்னலில் பின்னால் போய்க்கொண்டிருந்த குன்று அது. இப்போது நான் இழுத்த இழுப்புக்கு வந்தது, பாறை பாறையாக, உச்சியில் தர்காவின் வெள்ளைச் சுவர் தெரிகிற அளவுக்கு. என் கால்கள் கீழே சும்மா இருந்தன. உலகம் இவ்வளவு வேகமாக ஒருத்தியிடம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அழுதேனா என்று ஞாபகமில்லை, வாயைத் திறந்துகொண்டிருந்தேன் என்பது ஞாபகமிருக்கிறது, பல்லில் மண் கடித்தது.

வேப்ப மரம் எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. லே-அவுட் முடிந்து வேலி வந்த இடத்தில் கம்பியைத் தள்ளி நிறுத்தினேன். எஞ்சினை அணைத்ததும் அவ்வளவு அமைதி. அப்புறம்தான் அவர் ஞாபகம் வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டின் அந்தக் கோடியில் சின்னதாக ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் ஓடினார், நின்றார், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். திருப்பிக்கொண்டு போய் ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவையாக நான் ஒரு இடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தேன்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிச் சொன்னேன்.

"மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."