கை அசைக்காத அப்பாவும் பச்சை எஞ்சினும்

இந்த ஊரில் பெரியவர்கள்கூட ரயிலைப் பார்த்துக் கை அசைக்கிறார்கள். வண்டியில் தெரிந்தவர் யாரும் இருக்க வேண்டியதில்லை. வடக்கு இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. எங்கள் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில், கை அசைத்தால் யாரோ ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிய பிறகு அங்கே அசைந்த கைகளுக்குக் கணக்கில்லை. என்னை வழியனுப்ப வந்த அப்பா மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கோபமா, துக்கமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய நீராவி எஞ்சின்களை ஓட்டிக்காட்டும் இடம் ஒன்றுக்குப் போனேன். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் சம்பளமில்லாமல் கரி அள்ளிப் போடுகிறார்கள். அப்பா பார்த்தால் சிரிப்பார். பச்சை பெயிண்ட் அடித்த ஒரு குட்டி எஞ்சினுக்குள் ஏறிப் பார்த்தேன். டிரைவரின் தலைக்கு மேலே, ஒருபக்கம் தேய்ந்த சங்கிலிக் கண்ணி ஒன்றை வெல்டு வைத்திருந்தார்கள். அதில் எண்ணெய்க் குவளை தொங்கியது. எனக்குத் தெரிந்த கண்ணி அது; தேய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.

அப்பா சுரங்கத்து எஞ்சின் டிரைவர். ஆயுத பூஜைக்கு மாலை கட்ட இடமில்லை என்று, ஆட்களைச் சுரங்கக் குழிக்குள் இறக்கும் கேஜ் கூண்டின் பழைய சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியைக் கேட்டு வாங்கி அங்கே வைத்தவர் அவர்தான். அத்தனை பேரை மேலே கொண்டுவந்த இரும்பு, பூவையா கீழே விடும் என்பார். பிறகு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டியை எடுப்பார். அந்த வண்டியை விற்ற அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அங்கிருந்த டிரைவரிடம் இந்த வண்டிக்கு ஓர் எலுமிச்சை கிடைக்குமா என்று கேட்டேன். கேன்டீனுக்குப் போய், எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தேநீரோடு வந்தார் மனிதர். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. தண்டவாளத்தில் எதுவும் வைக்கக் கூடாது என்றார். ஆனால் குவளையைக் கழற்றிவிட்டு முழுப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். என் தலைமுடி ரப்பரால் அதைக் கண்ணியில் கட்டினேன்.

இறங்கி நின்று தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவின் முகத்துக்கு நேராக அவன் போனைப் பிடித்தான்.

"அப்பா, இத்தப் பாருங்க. உங்க வண்டி."

"அத்த ஒடச்சிக் காயலாங்கடையில போட்டாங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"இல்லப்பா. இங்க கீது. ஓடுது."

போனை டிரைவர் நிற்கும் இடத்துப் பக்கம் திருப்பினேன். அப்பா கண்ணியையே பார்த்தார். "பெயிண்ட்டு நல்லாக் கீது" என்றார். பிறகு குழறலாக, "நீயும் அங்க கீற, அதுவும் அங்க கீது. நான் இன்னாத்துக்கு இங்க கீறேன்?"

விசில் ஊதியது. வண்டி நகர, பிளாட்பாரம் முழுக்கக் கை அசைத்தது. போனில் அப்பா, பிழைத்திருந்த இடது கையை மெல்லத் தூக்கினார். வண்டி வளைவில் மறைந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. நான் போனை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையை எந்தப் பக்கம் பார்த்து அசைப்பது என்று தெரியாமல் நின்றேன்.