அப்பா சொன்ன பதில்

ஆஸ்திரேலியத் தூதரகத்திலிருந்து ஃபோன் வரும் என்று 2006 வைகாசியில் வீட்டிலேயே காத்துக் கிடந்தோம். எங்கள் கல்யாணம் நிஜம்தானா என்று விசாரித்த பிறகுதான் எனக்கு விசா தருவார்களாம்.

ஆரோவில்லில் ஒரு விடுதிச் சமையலறையில் நான் வேலை பார்த்தபோது பழக்கமானவர் என் கணவர். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பூர்வீகம் சீனா, முகமும் அப்படித்தான்.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் கூலி. "உங்க ஊருக்குப் போறதுக்கு ஏன் இவ்ளோ கெடுபிடி?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். கணவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர். சீனாவில் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது துறைமுகத்தில் ஓர் அதிகாரி அவருக்குத் தெரியாத ஏதோ ஐரோப்பிய மொழியில் ஒரு பத்தியை வாசித்து, எழுதச் சொன்னாராம். வெள்ளைக்காரர் அல்லாதவர்களைத் தடுக்கச் சட்டத்திலேயே வைத்திருந்த பரீட்சை அது. இங்கிலீஷ் தெரிந்தவர் வந்தால் வேறு மொழியில் வாசிப்பார்கள். எழுத முடியாததால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்த மனைவியும் பிள்ளைகளும் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

அப்பா எழுந்து கை கழுவினார்.

ஃபோன் வந்த அன்று அதிகாரி என் கணவரை வெளியே போகச் சொன்னார். அதிகாரி இங்கிலீஷில் கேட்டதை இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி லைனில் இருந்து மொழிபெயர்த்தாள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்பதுவரை கேட்டார்கள். பிறகு அப்பாவிடம் பேச வேண்டும் என்றார்கள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மருமகன் பாக்க எப்பிடி இருப்பார் எண்டு கேக்கினம், ஐயா."

"சீனாக்காரரு மாதிரி இருப்பாரும்மா."

அதிகாரி லேசாகச் சிரித்தது கேட்டது.

"அப்ப அவர் உண்மையில எந்த நாட்டவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கினம்."

அப்பாவின் முகம் மாறியது. நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். "அவரு கொள்ளுத் தாத்தன் காலத்துலயே தெரியாத பாஷையில பரீட்ச வெச்சித் தொரத்தி உட்டவங்கதான நீங்க? இப்ப எம் பொண்ணுக்கு இன்னா பாஷையில வெக்கப் போறீங்க? கேளும்மா அந்தாள!"

அவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார்.

"மருமகனின் குடும்பத்தைப் பல தலைமுறையாகத் தெரியும் என்கிறார்" என்று அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். கீபோர்டு தட்டும் ஓசை வந்தது.

"சரி ஐயா, முடிஞ்சுது" என்றாள்.

ஆவணியில் விசா வந்தது. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சைப் பதிவு செய்திருந்தால் அவள் வேலை என்ன ஆகியிருக்கும் என்று, இங்கே வந்த பிறகும் வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன்.